ரத்தினம்மாளைக் கடிக்காத சிலந்தி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் எழுத உட்கார்ந்தது கதையே இல்லை. ஒரு மாதப் பத்திரிகையில் வீட்டுக் குறிப்புகள் பக்கத்துக்குக் கட்டுரை கேட்டார்கள். 'வீட்டைச் சுற்றி விஷச் சிலந்திகள்: அடையாளம் காண்பதும் கட்டுப்படுத்துவதும்.' ஒன்றரைப் பக்கம் போதும், படம் அவர்களே போட்டுக்கொள்வார்கள். சிலந்தியைப் பற்றி உனக்கு என்ன தெரியும் என்று அவர்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நாலு புத்தகத்தைப் புரட்டிவிட்டு ஆரம்பித்தேன்.

"நம் வீடுகளில் காணப்படும் சிலந்திகளில் பெரும்பாலானவை மனிதருக்குத் தீங்கு செய்யாதவை. சுவரில் தட்டையாக ஒட்டிக்கிடக்கும் பெரிய சிலந்தியைக் கண்டு பலர் அலறுவதுண்டு. அதில் தாய்ச் சிலந்தி, வெள்ளைப் பொத்தான் மாதிரி இருக்கும் முட்டைப் பையை வயிற்றுக்கடியில் அணைத்துக்கொண்டே திரியும். அந்தச் சமயத்தில் அதைச் சீண்டினால் —"

இந்த இடத்தில் ஒரு ஆள் உள்ளே வந்துவிட்டார். அறுபதைத் தாண்டியவர். வேட்டியை மடித்துக் கட்டியிருக்கிறார், தலையில் எதற்கோ ஹெல்மெட், கையில் செருப்பு. சிலந்தியைப் பார்த்துச் செருப்பை ஓங்கியவர் ஓங்கியபடியே நிற்கிறார், அடிக்க மாட்டேன் என்கிறார். ஏன் அடிக்கவில்லை என்று தெரிந்துகொள்ளத்தான் கட்டுரையைப் போட்டுவிட்டு இந்தப் பக்கம் வந்தேன். கட்டுரையில் இருந்த உபயோகமான சங்கதிகளை இதிலேயே அங்கங்கே செருகிவிடுகிறேன். பத்திரிகைக்காரர்கள் மன்னிக்கட்டும்.

இன்னொன்று. தலைப்பிலேயே சொல்லிவிட்டேன், சிலந்தி கடிக்கவில்லை என்று. அது உங்களுக்கும் எனக்கும்தான் தெரியும். கதையில் இருப்பவர்களுக்குத் தெரியாது. அவர்கள் தெரிந்துகொள்கிற வரைக்கும் நாம் வாயை மூடிக்கொண்டு இருப்போம்.

2

அவருக்கு ராஜமாணிக்கம் என்று பெயர் வைத்தேன். கடலூர் செம்மண்டலத்தில் சொந்த வீடு. கரண்ட் ஆபீசில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ரிடையர் ஆனவர். கம்பம் ஏறிய காலத்திலேயே அவருக்கு ஒரு கொள்கை பிடித்துக்கொண்டது. ஃபால்ட் எங்கே என்று கண்டுபிடிக்காமல் எதிலும் கை வைக்கக் கூடாது. தெருவே இருட்டில் நின்று கத்தினாலும் அவர் கம்பம் கம்பமாகப் பார்த்துக்கொண்டு நிதானமாகத்தான் போவாராம். வீட்டிலும் இதே கதைதான். குழம்பில் உப்பு கூடிவிட்டால், "எந்த எடத்துல ஜாஸ்தியாச்சு?" என்று கேட்பார். "என் கையிலதான்" என்பாள் அவர் மனைவி ரத்தினம்மாள்.

இவர்களுக்கு ஒரே பெண், காயத்ரி. சிதம்பரத்தில், அண்ணாமலை நகரில் இருக்கிறாள். மாப்பிள்ளை செந்தமிழ்செல்வனுக்கு யுனிவர்சிட்டியில் வேலை, ஸ்டாஃப் குவார்ட்டர்ஸில் மாடி வீடு. காயத்ரிக்கு இது தலைப்பிரசவம். ஒன்பதாம் மாத வளைகாப்புக்கு நாள் குறித்தாயிற்று. வளைகாப்பு முடிந்த கையோடு பெண்ணைத் தாய் வீட்டுக்குக் கூட்டிவந்துவிட வேண்டும். நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியாததா.

ரத்தினம்மாளுக்கு அந்த நாளைத் தவிர வேறு நினைப்பு கிடையாது. பரணில் கிடந்த பழைய பருத்திப் புடவை மூட்டையை இறக்கி, குழந்தைக்குத் துணி கிழித்து, வெந்நீரில் அலசி, வெயிலில் காயப்போட்டு, மறுபடியும் அலசினாள். "ஏற்கெனவே அலசனது தான?" என்று ராஜமாணிக்கம் கேட்டதற்கு, "அது நேத்து" என்றாள்.

இனிமேல்தான் கதை தொடங்க வேண்டும். ஆரம்பத்தைப் பலவிதமாக எழுதிப் பார்த்தேன்.

ஆரம்பம் ஒன்று: அன்று காலை வானம் மேகமூட்டமாக — (வானத்தில் ஆரம்பிப்பதில்லை என்று எனக்கு நானே ஒரு சட்டம் போட்டிருக்கிறேன். விட்டேன்.)

ஆரம்பம் இரண்டு: "ஐயோ, என்னமோ கடிச்சிடுச்சே!" என்று ரத்தினம்மாள் அலறியடித்து — (பொய். அவள் அலறுகிற ஆள் இல்லை. காயத்ரியைப் பெற்றபோதே பக்கத்துக் கட்டில்காரிக்குத் தைரியம் சொன்னவள்.)

ஆரம்பம் மூன்று, இதுதான் நடந்தது:

"ஏங்க, செத்த இங்க பாருங்க. மொளகாய அரைச்சி அப்புன மாதிரி எரியுது."

ராஜமாணிக்கம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு செல்போன் டார்ச்சை அடித்துப் பார்த்தார். இடது பக்க இடுப்பிலிருந்து முதுகு வரைக்கும் சிவந்து, பட்டையாகச் சின்னச் சின்னக் கொப்புளம். வலது பக்கம் ஒன்றுமே இல்லை.

"எப்பலேருந்து?"

"எரிச்சல் ரெண்டு மூணு நாளா இருக்கு. கொப்புளம் இன்னிக்குதான். எட்டுக்கால் பூச்சி மேல போயிருக்கும்ங்க. மூத்திரம் பேஞ்சிட்டிருக்கும். பரண்லேருந்து மூட்டைய எறக்குனேன் இல்ல, அப்பதான்."

ராஜமாணிக்கத்துக்கு ஃபால்ட் கிடைத்துவிட்டது. பரண்.

3

இதோடு விட்டிருந்தால் ஒன்றுமில்லை. ரத்தினம்மாள் வாய் சும்மா இராமல் சம்பந்தியம்மாவிடம் போனில் சொல்லிவிட்டாள்.

சம்பந்தி விருத்தாம்பாள், செந்தமிழ்செல்வனின் அம்மா. மகனோடுதான் இருக்கிறாள். முதல் பிரதியில் இவளை நான் கொடுமைக்காரியாக எழுதியிருந்தேன். கண்ணை உருட்டினாள், முகவாயைத் தோளில் இடித்துக்கொண்டாள், காபி சரியில்லை என்றாள். எழுதி முடித்துப் படித்தால் எனக்கே சிரிப்பு வந்தது. எல்லாச் சம்பந்தியம்மாவையும் நாம் ஒரே அச்சில் வார்த்துவிடுகிறோம். அடித்துவிட்டு, அவள் சொன்னதை மட்டும் மிச்சம் வைத்திருக்கிறேன்.

"தப்பா எடுத்துக்காதீங்க சம்பந்திம்மா. பூச்சி பொட்டு நடமாடற வூட்டுக்குப் புள்ளத்தாச்சிய எப்பிடி அனுப்பறது? நாளைக்குப் பச்சப் புள்ள வேற இருக்கும். வளைகாப்ப செஞ்சிடுவோம். புள்ள இங்கியே இருக்கட்டுமே. ஆஸ்பத்திரியும் கிட்டக்க இருக்கு."

சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியுமா? என்னால் முடியவில்லை. ரத்தினம்மாளாலும் முடியவில்லை. "சரிங்க" என்று போனை வைத்துவிட்டு, அலசி மடித்த துணிகளை மறுபடி பிரித்து மறுபடி மடித்தாள்.

ராஜமாணிக்கம் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவளுக்கு வெளியில் காட்டத் தெரியாத கோபமெல்லாம் துணி மடிப்பதில்தான் போகும் என்று அவருக்குத் தெரியும்.

"வளைகாப்புக்குள்ள வூட்ல ஒரு பூச்சி இருக்காது. நான் பாத்துக்கறேன்."

"அடிச்சிக் கொன்னுடாதீங்க. புள்ளத்தாச்சி இருக்கற குடும்பத்துல உசுர எடுக்கக் கூடாது."

"அது மாப்ளைக்குச் சொல்றது."

"அப்பாவுக்கும்தான்" என்றாள் ரத்தினம்மாள்.

4

கட்டுரையில் வரவேண்டிய சங்கதி எல்லாம் இந்தப் பகுதியில்தான் இருக்கிறது. ராஜமாணிக்கம் செய்ததையே சொன்னால் போதும்.

பழைய டியூட்டி ஹெல்மெட்டை எடுத்துப் போட்டுக்கொண்டார். ரப்பர் கையுறை, ஏணி, டார்ச், மூடியில் ஓட்டை போட்ட ஊறுகாய் பாட்டில் ஒன்று, பெரிய ஜாடி ஒன்று. உறவுக்காரர்களின் வாட்ஸாப் குரூப்பில் கேட்டுப் பார்த்ததில் எந்தெந்த நாட்டுச் சிலந்தி படமோ வந்து குவிந்தது. எல்லாவற்றுக்கும் கீழே 'கடித்தால் மரணம்' என்று எழுதி ஒரு மண்டை ஓடு. அதில் பாதி கடல் தாண்டி இருக்கிற ஜாதி, செம்மண்டலத்துக்கு அது பஸ் ஏறி வந்தால்தான் உண்டு. ராஜமாணிக்கம் குரூப்பை மூடிவிட்டுத் தன் வீட்டுச் சுவரைப் பார்க்க ஆரம்பித்தார். அதுதான் சரி. நாம் இருக்கிற ஊரில் என்ன இருக்கிறதோ அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கூரை மூலையில் நூல் நூலாகக் கால் வைத்துக்கொண்டு தொங்குவது ஒன்று. தொட்டால் உடம்பை ஆட்டிக் காட்டுமே தவிர ஒன்றும் செய்யாது. ஜன்னல் கம்பியில் குதித்துக் குதித்து ஈ பிடிப்பது இன்னொன்று. இதை ராஜமாணிக்கத்துக்குப் பிடித்துப்போய்விட்டது, திரும்பி நின்று நம் முகத்தைப் பார்க்கும். ஆனாலும் கண்ணில் பட்டதை எல்லாம் பிடித்து ஊறுகாய் பாட்டிலில் போட்டார். நம் நாட்டில் உண்மையாகவே பயப்பட வேண்டியது கொஞ்சம்தான். அடிவயிற்றில் சிவப்புக் குறி போட்ட கருத்த வகை சில இடங்களில் உண்டு, ரோமம் மண்டிய பெரிய வகையும் உண்டு. அதெல்லாம் விறகு, செங்கல், மண் பொந்து என்று வெளியில்தான் குடித்தனம் நடத்தும். அதனால் கொல்லைச் சுவரை ஒட்டி அடுக்கியிருந்த ஓடுகளையும் தேங்காய் மட்டையையும் கையுறை போட்டுக்கொண்டு அப்புறப்படுத்தினார்.* ஒட்டடை அடித்தார். கதவுக்கு அடியில் ரப்பர் பட்டை அடித்தார். செருப்பையும் ஷூவையும் தட்டிவிட்டுப் போடச் சொன்னார்.

பிறகு வாசலில் நின்று யோசித்தார். இத்தனை பூச்சிக்கும் சப்ளை எங்கேயிருந்து வருகிறது? நிலைக்கு மேலே எரிகிற வெள்ளை பல்ப். அதற்குக் கொசுவும் ஈசலும் வரும், அதைத் தின்னச் சிலந்தி வரும். "சப்ளைய கட் பண்ணாம லைன்ல கை வெச்சா இப்பிடிதான்" என்று தன்னையே திட்டிக்கொண்டு, அதைக் கழற்றி வாசலை விட்டுத் தள்ளி மஞ்சள் பல்ப் போட்டார். மருந்தடிப்பதைவிட இது மேல் என்று புத்தகமும் சொல்கிறது. ராஜமாணிக்கம் அந்தப் புத்தகத்தைப் படித்தவர் இல்லை.

(* ஏதாவது கடித்துவிட்டால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், டாக்டரிடம் போங்கள். கட்டுரைக்காக எழுதி வைத்தது, வீணாகப் போவானேன்.)

அப்போதுதான் கட்டிலுக்குப் பின்னால் அதைப் பார்த்தார். காயத்ரிக்கென்று ஒதுக்கிய அறை. கட்டிலை நகர்த்தியதும் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு, தட்டையாக. திடுக்கென்றது. கொன்றுவிடாதே என்று சொன்னதெல்லாம் மறந்துபோய்ச் செருப்பைக் கழற்றி ஓங்கினார். அது ஓடவில்லை. அடியில் வெள்ளையாக ஒன்றைக் கட்டிக்கொண்டு, முன்னங்கால் இரண்டையும் தூக்கி, வா பார்க்கலாம் என்று நின்றது.

அறை வாசலில் ரத்தினம்மாள், இடது பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"முட்ட வெச்சிருக்குங்க."

"தெரியுது."

"அப்பறம் என்னா செருப்பு?"

ராஜமாணிக்கம் செருப்பைக் காலில் போட்டுக்கொண்டார். ஜாடியைக் கவிழ்த்து, சுவருக்கும் ஜாடிக்கும் நடுவில் ஒரு கல்யாணப் பத்திரிகையை நுழைத்து, மெதுவாக எடுத்து மூடினார். மூடிக்கும் ஓட்டை போட்டார். இவ்வளவு பெரியதாக இருக்கிறதே, இதுதான் குற்றவாளி என்று முடிவு கட்டினார்.

செருப்பை ஓங்கிக்கொண்டு நின்றவர் ஏன் அடிக்கவில்லை என்பது இப்போது தெரிந்துவிட்டது. கட்டுரையை எடுத்து முடித்திருக்கலாம். ஆனால் ரத்தினம்மாளுக்கு எரிச்சல் நிற்கவில்லையே, எப்படி விட்டுவிட்டுப் போவது?

5

மேல்பட்டாம்பாக்கத்தில் அன்பரசு வீட்டில் அக்கி எழுதுவார்கள். சட்டி பானை வனைகிற குடும்பம். கொப்புளத்தின் மேல் காவி மண்ணைக் குழைத்துப் படம் எழுதினால் எரிச்சல் இறங்கும் என்று நம் பக்கத்தில் போவதுண்டு. பூச்சி எச்சம் பட்டு வருகிறதுதான் அக்கி என்று ரத்தினம்மாள் சொன்னாள், அன்பரசும் ஆமாம் என்றார். காவி பட்டதும் ஜில்லென்று இருந்தது. பஸ்ஸில் வரும்போது ரத்தினம்மாள் கொஞ்சம் தூங்கக்கூடச் செய்தாள். அவள் தூங்கியதில் ராஜமாணிக்கத்துக்கு அவ்வளவு சந்தோஷம். தலை ஜன்னலில் இடிக்காமல் தன் கையை நடுவில் வைத்துக்கொண்டே வந்தார்.

மறுநாள் எரிச்சல் திரும்ப வந்துவிட்டது.

"எந்தப் பூச்சின்னு காட்டுனாதான் அதுக்குண்டான மருந்து குடுப்பாங்க" என்று சொல்லி, பாட்டிலையும் ஜாடியையும் ஒரு கட்டைப் பையில் வைத்துக்கொண்டு தோல் டாக்டர் ஜெயராணியிடம் கூட்டிப்போனார்.

டாக்டர் காவிப் படத்தைப் பார்த்தார். "அழகா எழுதியிருக்காங்க" என்றார், கேலி இல்லாமல். பஞ்சால் ஓரத்தைத் துடைத்துப் பார்த்தார்.

"இது பூச்சிக்கடி இல்லம்மா. அக்கின்னு நீங்க சொல்றது சரிதான். ஆனா பூச்சியால வர்றது கெடையாது. சின்ன வயசுல ஒங்களுக்கு அம்மை போட்டுச்சா?"

"போட்டுச்சு டாக்டரம்மா. பள்ளிக்கூடத்துல படிக்கறப்ப."

"அதே அம்மைதான் இது. தண்ணி ஊத்தனதும் போயிடுச்சின்னு நெனைக்கிறோம். போவாது. நரம்புல போய்ப் படுத்துக்கும். வயசாகி, ஒடம்பு அசந்திருக்கற நேரம் பாத்து எழுந்து வரும். அதான் ஒரு பக்கமா, நரம்பு போற வழியிலியே வந்திருக்கு. மாத்திர தரேன், சரியாயிடும்." பிறகு மேஜை மேல் இருந்த ஜாடியைக் கவனித்தார். "இது என்னா சார்?"

"சந்தேகத்துக்குப் புடிச்சி வெச்சது மேடம்."

டாக்டர் ஜெயராணி நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு சிரித்தார். "விட்டுடுங்க சார், பாவம். எதுவுமே செய்யாதவங்கள உள்ள வெச்சிருக்கீங்க."

ராஜமாணிக்கமும் சிரித்தார். வெட்கம் ஒரு பக்கம் இருந்தாலும் பெரிய பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. வீட்டில் பூச்சி இல்லை. பூச்சி கடிக்கவே இல்லை. சம்பந்தியம்மாவுக்குச் சொல்ல வேண்டியதை மனதுக்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

"அப்ப பொண்ண தைரியமா வூட்டுக்குக் கூட்டியாந்துடலாம் மேடம்."

எழுதிக்கொண்டிருந்த டாக்டர் நிமிர்ந்தார். "பொண்ணுக்கென்னா?"

"மாசமா இருக்குது. ஒம்பதாம் மாசம். வளைகாப்பு வருது."

"அவங்களுக்கு அம்மை போட்டிருக்கா?"

இங்கே ஒரு பழைய சங்கதியைச் சொல்லியாக வேண்டும். செம்மண்டலத்தில் அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. காயத்ரி சிறுமியாக இருந்தபோது எந்த வீட்டு வாசலில் வேப்பிலை செருகியிருந்தாலும் ரத்தினம்மாள் அந்த வழியே பெண்ணைக் கூட்டிப்போக மாட்டாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் போட்ட ஒரு கோடையில், பள்ளிக்கூடத்துக்குக் கூட அனுப்பாமல் பண்ருட்டியில் தம்பி வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். "என் பொண்ணு ஒடம்புல ஒரு தழும்பு காட்டு பாக்கலாம்" என்று இன்றைக்கும் கல்யாண வீடுகளில் சொல்லிக்கொள்வாள். அதில் அவளுக்கு அப்படி ஒரு பெருமை.

ராஜமாணிக்கம் அவளைப் பார்த்தார். அவள் தன் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல டாக்டரம்மா" என்றாள். "நான் போட வுடல."

6

ஒரே ஒரு வரியை மாற்றினால் போதும். 'காயத்ரிக்கு நாலு வயதில் லேசாக அம்மை போட்டு இறங்கியது' என்று ஐந்தாம் பகுதியில் எழுதிவிட்டால் எல்லாம் சுமுகமாகிவிடும். எழுதினேன். எழுதிவிட்டு எழுந்துபோய்க் காபி போட்டுக் குடித்தேன். திரும்பி வந்து பார்த்தால் ரத்தினம்மாள் கோபமாக உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருக்கிறாள். அவள் ஆயுசு முழுக்கக் காத்த காவலை ஒரு வரியில் நான் அழித்தது அவளுக்குப் பிடிக்கவில்லை. அந்த வரியை எடுத்துவிட்டேன்.

7

டாக்டர் சொன்னது இவ்வளவுதான். கொப்புளத்தில் இருக்கிற நீர், அம்மையே போடாதவர்கள் மேல் பட்டால் அவர்களுக்கு அம்மை வரலாம். பிரசவம் நெருங்குகிற நேரத்தில் வந்தால் தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து. எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டுகிற வரைக்கும் மூடியே வைத்திருக்க வேண்டும், காயத்ரி பக்கத்தில் போகவே கூடாது. சிலருக்குத் தெரியாமலே லேசாக வந்து போயிருக்கும், அதனால் காயத்ரிக்கு ஒரு ரத்தப் பரிசோதனை செய்து பார்த்துவிடுவது நல்லது; வந்து போயிருந்தால் பயமில்லை.

வெளியே வந்ததும் ரத்தினம்மாள் செய்த முதல் காரியம், மாப்பிள்ளைக்குப் போன் போட்டு ரத்தப் பரிசோதனையைச் சொன்னதுதான். அடுத்து சம்பந்திக்குப் போட்டாள்.

"நீங்க சொன்னதுதாங்க சரி. புள்ள அங்கியே இருக்கட்டும். பூச்சி ஒண்ணும் இல்ல. நான்தான்."

'நான்தான்' என்று அவள் சொன்ன விதம் ராஜமாணிக்கத்துக்குத் தாங்கவில்லை. கட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு கொஞ்சம் தள்ளிப்போய் நின்றார். ஃபால்ட் கிடைத்துவிட்டது, ஆனால் அதைக் கழற்றி மாற்ற முடியாது. இப்படி ஒரு லைனை அவர் சர்வீசில் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்ததும் பாட்டிலைத் திறந்து எல்லாவற்றையும் கொல்லையில் விட்டார். ஜாடியில் இருந்ததை மட்டும் முருங்கை மரத்தடிக்குக் கொண்டுபோய்ச் சாய்த்தார். அது முட்டையை விடாமல் பிடித்தபடி நிதானமாக இறங்கிப் போயிற்று.

(இந்த இடத்தில் ஒரு உவமை வந்து கதவைத் தட்டுகிறது. தாய்ச் சிலந்தி, தாய் ரத்தினம்மாள் என்று. உள்ளே விடப்போவதில்லை. நீங்கள் ஏற்கெனவே நினைத்திருந்தால் அது உங்கள் பாடு.)

8

வளைகாப்பு அன்று ரத்தினம்மாள் வீட்டில் இருக்க மாட்டேன் என்றுவிட்டாள்.

"நான் மேல ஏற மாட்டேன். ரோட்டுக்கு இந்தாண்ட நின்னு பாத்துட்டு வந்துடறேன்."

முக்கால்வாசி காய்ந்திருந்தது. முதுகுப் பக்கம் மட்டும் இன்னும் கொஞ்சம் ஈரம். ராஜமாணிக்கம் தினமும் டார்ச் அடித்துப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். அன்று காலையும் பார்த்தார். "காஞ்சிடுச்சின்னு சொல்லட்டுமா?" என்று கேட்டார். "பொய் சொன்னா ஒங்களுக்கு மூக்கு வேர்க்கும்" என்றாள் அவள்.

கார் பிடித்து அண்ணாமலை நகர் போனார்கள். குவார்ட்டர்ஸுக்கு எதிரே, சாலையின் இந்தப் பக்கம் ஒரு தூங்குமூஞ்சி மரம். அதன் கீழே ரத்தினம்மாளை நாற்காலி போட்டு உட்கார வைத்தார். பட்டுப்புடவைதான் கட்டியிருந்தாள், உள்ளே டாக்டர் சொன்னபடி கட்டிய துணியோடு. சீர்த் தட்டு, பழம், வளையல், கலந்த சாதம் எல்லாம் ராஜமாணிக்கமும் உறவுக்காரர்களும் தூக்கிக்கொண்டு மாடி ஏறினார்கள். எல்லாம் ரத்தினம்மாள் கைபடாமல் தன் தங்கச்சியை வைத்துச் செய்தது.

மாடியில் விருத்தாம்பாள் முதல் வளையலைப் போட்டாள். பிறகு ஒவ்வொருவராகப் போட்டார்கள். காயத்ரி இரண்டு கைக்கும் சந்தனம் பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், கண் மட்டும் பால்கனிப் பக்கமே போய்க்கொண்டிருந்தது. தட்டு காலியாகும் நேரத்தில் ஒரு சித்திக்காரி கடைசி ஜோடிக்குக் கை நீட்டியபோது விருத்தாம்பாள் தட்டை இழுத்துக்கொண்டாள்.

"இது ரெண்டும் அவுங்க அம்மா போட வேண்டியது. அத எடுத்து வை."

சொல்லிவிட்டு, "அண்ணே, சம்பந்திம்மாவுக்குச் சோத்தக் குடுத்தனுப்புங்க, பசியோட ஒக்காந்திருப்பாங்க" என்றாள். ராஜமாணிக்கம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். இவளை நான் முதல் பிரதியில் என்னவெல்லாம் எழுதினேன்.

அவர் சோற்றுத் தட்டோடு சாலையைத் தாண்டி மரத்தடிக்கு வந்தபோது, எதிரே பால்கனியில் காயத்ரி வந்து நின்றாள். வயிறு கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தது. கீழே அம்மாவைப் பார்த்துக் கையைத் தூக்கினாள். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, முழங்கை வரைக்கும் இருந்த கண்ணாடி வளையலை அத்தனையும் குலுக்கினாள்.

நடுவில் ஒரு டவுன் பஸ் போயிற்று. வளையல் சத்தம் இந்தப் பக்கம் கேட்டதா என்று நியாயமாகப் பார்த்தால் சந்தேகம்தான். கேட்டது என்று எழுதுகிறேன்.

9

இப்போது செந்தமிழ்செல்வன் பால்கனிக்கு வருகிறான். கையில் போன். பரிசோதனை முடிவு வந்துவிட்டது. "மாமா! அத்த!" என்று கூப்பிடுகிறான். பஸ் ஹாரன். "வந்துடுச்சி மாமா!" என்பது மட்டும் கேட்கிறது.

இரண்டு முடிவும் எழுதி வைத்திருக்கிறேன்.

ஒன்றில், காயத்ரியின் ரத்தத்தில் அம்மையின் அடையாளம் இருக்கிறது. அத்தனை காவலையும் தாண்டி, பண்ருட்டி போவதற்கு முன்போ பின்போ, ஒரு காய்ச்சல் மாதிரி வந்து ஒருவருக்கும் தெரியாமல் போயிருக்கிறது. ரத்தினம்மாள் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்திருக்கிறாள்.

இன்னொன்றில், இல்லை. அவள் காவல் ஜெயித்திருக்கிறது, ஒரு தழும்பு இல்லை. முதுகில் இருக்கிற மிச்ச ஈரமும் காய்கிற வரைக்கும் அவள் இந்தப் பக்கம்தான். ராஜமாணிக்கம் பக்கத்தில் இருக்கிறார், வேறெங்கே போகப்போகிறார். மாடியில் அந்த இரண்டு வளையல் டப்பாவில் காத்திருக்கிறது.

எதை வைப்பது என்று ரத்தினம்மாளையே பார்க்கிறேன். கையில் சோறு அப்படியே இருக்கிறது. உதடு மட்டும் அசைகிறது. பக்கத்தில் இருக்கும் ராஜமாணிக்கத்துக்கு மட்டும் கேட்கிறது.

"தாயே, நான் தோத்திருக்கணும். என் கண்ணுல மண்ணத் தூவிட்டு நீ அன்னிக்கே வந்துட்டுப் போயிருக்கணும்."

இவ்வளவு காலம் கல்யாண வீடுகளில் சொல்லித் திரிந்த பெருமை ஒன்று உண்டே, அதை அவளே தூக்கிக் கொடுத்துவிட்டாள். இதற்குப் பிறகு நான் எழுத என்ன இருக்கிறது?

முதல் பகுதியில் ஒரு வாக்கியத்தைப் பாதியில் விட்டிருந்தேன். அதை மட்டும் முடித்துவிடுகிறேன். அந்தச் சமயத்தில் அதைச் சீண்டினால் கடிக்கும்; மற்றபடி அதனால் ஒருவருக்கும் ஒரு தொந்தரவும் இல்லை.

செந்தமிழ்செல்வன் இன்னும் கூப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறான். நான் எழுந்திருக்கிறேன். ரத்தினம்மாளை உங்களிடம் விட்டுவிட்டுப் போகிறேன். இன்றைக்கோ, காய்ந்த பிறகோ, நீங்கள்தான் அவளை அந்தப் பக்கம் கூட்டிப்போக வேண்டும். கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். கண் முழுக்க மாடியில்தான் இருக்கும், அவள் சாலையைப் பார்க்க மாட்டாள். இரண்டு பக்கமும் நீங்கள் பார்த்துத் தாண்டுங்கள்.